வாய்தா தாத்தா

"மேடம், வாய்தா தாத்தா வந்தாச்சு!"

நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா வாசலிலிருந்தே தகவல் சொன்னாள்.

லைப்ரரி மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

நாட்டில் உள்ள சட்டங்களையும் கோர்ட் தீர்ப்புகளையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று ஓர் இணையதளம் வந்ததிலிருந்து, நூலகத்தில் அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி வைத்திருந்தார் மேடம். வேலை போனவர்கள், ஜீவனாம்சம் கேட்பவர்கள், வக்கீல் வாசலை மிதிக்கப் பயப்படுபவர்கள் என்று அதற்கு எப்போதும் கிராக்கிதான்.

அதில் போய் இந்த மனிதர் சட்டமாக உட்கார்ந்துகொள்வார். ஒரே தீர்ப்பைத்தான் தினமும் படிப்பார். முடிந்த கேஸுக்கும் நாள் தவறாமல் ஆஜராகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? மேடம்தான் அந்தப் பெயரை வைத்தார்.

இன்று கைக்குழந்தையோடு ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றாள். வீட்டு ஓனர் திடீரென்று வந்து, காலி செய்யாவிட்டால் சாமானைத் தூக்கித் தெருவில் போடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார். அப்படிப் போடச் சட்டம் விடுமா, விடாதா என்று அவளுக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

மேடம் நேரே போய்த் தாத்தாவின் முன்னால் நின்றார்.

"ஐயா, எழுந்திருங்க. பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரமா நிக்கிறா!"

தாத்தா பதறி எழுந்தார். "அடடா, கவனிக்கலையே! உட்காரும்மா, நீ உட்காரு. குழந்தையை வேணா நான் வச்சிக்கட்டுமா?"

மேடம் அத்தோடு விட்டிருக்கலாம். மனசு ஆறினால்தானே?

"அந்தத் தீர்ப்பை நான் பிரிண்ட் எடுத்தே தந்துடறேன். வீட்டுல உட்கார்ந்து மனப்பாடம் பண்ணுங்க. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதீங்க."

தாத்தாவின் முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. பேப்பர்ல இருந்தா நான் மட்டும்தான் படிப்பேன். இதுல இருந்தா யார் வேணா படிக்கலாம், இல்லையா?"

"ஓஹோ! நீங்க கேஸ் ஜெயிச்சதை ஊர் உலகமே பார்க்கணுமாக்கும்?"

"ஜெயிக்கலையேம்மா. தோத்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் என்னவோ ஒரு பெருமை.

தோற்ற கேஸுக்கா இத்தனை கொண்டாட்டம்? அந்தப் பெண்ணுக்காகப் பக்கத்தை மூடப் போன மேடம், மூடாமல் படிக்க ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று தாத்தா போட்ட கேஸ் அது. அவர் தரப்பில் ஒரே சாட்சி, அவர் மனைவி. கூண்டில் ஏறி அந்த அம்மா சொன்னதை நீதிபதி ஓர் எழுத்துகூட மாற்றாமல் தீர்ப்பில் சேர்த்திருந்தார்.

'நாய் குரைச்சுதான்னு கேக்கறீங்க. சத்தியம் பண்ணிட்டு நான் பொய் சொல்ல மாட்டேன். இவர் விடற குறட்டையில எனக்கு எந்த நாய் சத்தமும் கேட்டதில்லைங்க. நியாயமாப் பார்த்தா அந்த நாய்தான் எங்க மேல கேஸ் போட்டிருக்கணும்!'

'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நின்றுகொண்டு மேடம் வாய்விட்டுச் சிரித்தார். எட்டிப் பார்த்துப் படித்த அந்தப் பெண்ணும், வந்த கவலையை மறந்து சிரித்துவிட்டாள்.

"சொந்த சாட்சியே இப்படிக் காலை வாரிட்டாங்களே ஐயா!" மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நாளைக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களை நான் பார்த்தே ஆகணும்."

தாத்தாவும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா. அன்னிக்கு கோர்ட்டே சிரிச்சிடுச்சேங்கற கோபத்துல ரொம்ப நாள் அவகிட்ட முகம் கொடுத்தே பேசல. அதான் இப்ப தினமும் வந்து, அவ பேசறதைக் கேட்டுட்டுப் போறேன்."