சிறிய பந்தய மேசை

மெத்தைமேல் இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

மூடினாள்.

மறுபடியும் பார்த்தாள்.

"முகத்துல ஒண்ணும் காட்டக்கூடாதுக்கா," என்றாள் புனிதவதி, கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து. ஊரில், தைப்பிங்கில், அடுத்த வீட்டுக்காரி. இந்த மலைக்கும் இந்த ஹோட்டலுக்கும் கூட்டி வந்தவள் அவள்தான்.

முகத்தில் ஒன்றும் காட்டாமல்தான் இவள் இருந்துவந்தாள். ஆறு வருடமாக.

சன்னலுக்கு வெளியே பனி மூடியிருந்தது. கீழ்த்தளத்தில் கசினோ. அங்கே ஒரு போக்கர் மேசையில் இவள் மகள் யோகேஸ்வரி சீட்டுப் போடும் வேலை பார்த்தாள்.

அந்த வேலைக்குப் போகிறேன் என்று மகள் சொன்ன அன்று, இவள் கணவர் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

"போனா அப்படியே போயிரு."

மகள் போய்விட்டாள். ஃபோன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டால், மலையில் இன்னும் குளிருமே என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் சுற்றுலா வந்த புனிதவதிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "நம்ம யோகேஸ்தான்க்கா. கொஞ்சம் எளச்சிருக்கு. ஆகச் சின்னப் பந்தய மேசையிலதான் சீட்டுப் போடுது. சும்மா கிட்ட நின்னு பார்க்க விடமாட்டாங்க லா. விளையாடறவங்கதான் உட்காரலாம்."

அதனால் கற்றுக்கொண்டாள்.

புனிதவதியின் கணவர் சமையலறை மேசையில் சட்டைப் பொத்தான்களைப் பந்தயமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. எது எதைவிடப் பெரியது என்பதுதான் அவளுக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது.

"நல்ல சீட்டக்கூடத் தூக்கிப் போடறீங்களேக்கா. இப்படி இருந்தா எப்ப ஜெயிக்கிறது?" என்றார் அவர்.

ஜெயிக்க அவள் கற்றுக்கொள்ளவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் கையிலிருப்பது மெல்லத்தான் கரையும். மெல்லக் கரைந்தால் நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம்.

கணவரிடம் பினாங்குக் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தாள்.

கட்டிலை விட்டு எழுந்து புடவை கட்டினாள். அவிழ்த்தாள். புனிதவதியின் நீளக்கைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். முடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். பொட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

யாரோ ஒருத்தி.

நல்லது. அடையாளம் தெரியாமலே இருக்கட்டும். பார்த்துவிட்டு வந்தால் போதும்.

கதவு வரைக்கும் போனாள். திரும்பி வந்து பொட்டை வைத்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில், பச்சைத் துணி விரித்த மேசை. ஒரு சீனக் கிழவர், தொப்பி போட்ட ஓர் இளைஞன். அடுத்து ஒரு காலி நாற்காலி. புனிதவதி தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

இவள் உட்கார்ந்தாள்.

யோகேஸ்வரி குனிந்து சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். காதில் தோடு இல்லை. கட்டைப் பிரித்தாள், சேர்த்தாள், வெட்டினாள். ஒரு சீட்டுக்கூட விலகவில்லை.

எவ்வளவு சுத்தமாகச் செய்கிறாள்.

அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த இளைஞனிடமாவது.

முதல் சீட்டு கிழவருக்குப் போனது. அடுத்தது இளைஞனுக்கு.

அடுத்த சீட்டு வரவில்லை.

இவள் நிமிர்ந்தாள். மகள் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறேதுமா, தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை.

யோகேஸ்வரி சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்தாள். சீட்டுப் போடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்தும்போது செய்வதுபோல், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

வெளியே அனுப்பப் போகிறாள்.

இவள் எழுந்துகொள்ள நினைத்தாள். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் வந்தார். மகள் தணிந்த குரலில் மலாயில் பேசினாள். இந்த மேசையில் நான் சீட்டுப் போடக் கூடாது, வேறு ஆளை வையுங்கள்.

ஏன் என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள் விளையாட உட்கார்ந்தால் நாங்கள் எழுந்துவிட வேண்டும், விதி இருக்கிறதே.

அவர் நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தார். இதில் யார்?

யோகேஸ்வரி விரலை நீட்டவில்லை. இவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். தமிழில்.

கிழவர் திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. மகள் எழுந்தாள். அவளுடைய இடத்தில் ஒரு தமிழ்ப் பையன் வந்து உட்கார்ந்தான். போட்ட சீட்டுகளை வாரி எடுத்துப் புதிதாகக் கலைத்தான்.

யோகேஸ்வரி எதிர்வரிசை மேசைக்குப் போனாள். அங்கே சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சீட்டை எடுப்பதற்குமுன், அம்மாவின் நாற்காலி காலியாகிவிட்டதா என்று ஒருதரம் பார்த்தாள்.

இவள் முன்னால் இரண்டு சீட்டுகள் வந்து விழுந்தன.

"ஆண்ட்டி," பையன் மெதுவாகக் கேட்டான். "ஆட்டத்துல இருக்கீங்களா?"

அவள் சீட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை; எதிர்வரிசை மேசையையே பார்த்தாள்.

"இருக்கேன்பா," என்றாள்.