உயிருடன்: ஒன்று

செத்த சிறுத்தைப் பூனையின் படத்தைப் பிள்ளைகள் முன்னால் மாட்ட மாட்டேன் என்று மலைப்பள்ளி ஆசிரியை காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். நம் மலையில் எடுத்த உயிருள்ள பூனையின் படம் மாலைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்காக நான் செய்துகொண்டிருந்த காட்டுயிர்ச் சுவரொட்டியின் ஆறாவது கட்டத்தில் மூங்கில் கவுதாரியைப் போட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கவுதாரிக்கு என்ன குறைச்சல், கொல்லைக்குக் கொல்லை கத்திக்கொண்டு திரிகிறது. சிறுத்தைப் பூனையைத்தான் எங்கள் மியாவ்லி மாவட்டத்துப் பிள்ளைகள் ஒருவரும் கண்டதில்லை. இந்தச் சுவரொட்டியிலும் இல்லையென்றால் இனி எதில் காண்பார்கள்?

சிறுத்தைப் பூனையைக் கண்ட நாற்பத்தொரு பதிவுகளையும் கொண்டுவந்த பெங் அண்ணன், சோற்றுப் பெட்டியைத் திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விடியலில் காய்கறி வண்டி ஓட்டுபவர். ஆறு வருடமாக எங்கள் காட்டுயிர்க் குழுவின் பதிவேடு அவர் பொறுப்பு. பார்த்ததைப் பார்த்தபடி எழுது, ஒன்றையும் விடாதே என்று எல்லோர் உயிரையும் வாங்குவார்.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சாலையோரம். நடுச்சாலை. மறுபடி சாலையோரம். செத்துக் கிடந்த ஒன்றைப் படத்திலிருந்து வெட்டி எடுத்து நிற்க வைத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

கடைசியில் ‘உயிருடன்’ என்று குறித்த பதிவுகளை மட்டும் காட்டச் சொன்னேன்.

ஒன்றே ஒன்று வந்தது.

வண்டிக் கேமராவில் விழுந்த படம். முன்னங்காலைத் தூக்கியபடி, மீசை முடி தெரிய நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பார்த்தவர், எண் ஏழு.

“அண்ணே, ஏழு நீங்கதானே! இதை மடியில வச்சுக்கிட்டா காலையிலேருந்து என்னை நாயா அலைய விட்டீங்க?”

“என் பேரைப் போடாதம்மா.”

தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று திட்டிக்கொண்டே படத்தைக் கட்டத்தில் வைத்தேன். அளவெடுத்தாற்போலப் பொருந்தியது.

அவர் திரையருகே குனிந்தார்.

“கண்ணுல வெளிச்சம் அடிக்குதுல்ல, அதை மட்டும் அழிச்சிட முடியுமா?”

“அதை எடுத்தா செத்தது மாதிரி ஆயிடும்ண்ணே.”

அவர் சோற்றுப் பெட்டியின் ரப்பர் வளையத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

படத்தின் கீழே இடமும் நேரமும் போடுவது வழக்கம். அதற்காக எல்லாப் பதிவுகளையும் தேதிவாரியாகத் திறந்தேன்.

நவம்பர் ஒன்பது. கோயில் வளைவு. காலை 5.41. பார்த்தவர், எண் ஏழு. உயிருடன்.

அடுத்த வரி.

நவம்பர் ஒன்பது. கோயில் வளைவு. காலை 5.42. பார்த்தவர், எண் ஏழு. இறந்தது.

சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் தன் வண்டியின் எண்ணை எழுதியிருந்தார்.