அம்மனுக்குக் கேட்ட இரைச்சல்

“பாட்டே போடலைப்பா. ஆனாலும் ஸ்பீக்கர்லே வண்டு குடையற மாதிரி சத்தம் வரதே,” என்றார் பிச்சுமணி.

எலக்ட்ரீஷியன் நல்லகாமனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் புது ஒயர், புது பிளக் எல்லாம் மாற்றியாகிவிட்டது. அவனியாபுரத்திலேயே அவன் கைக்கு அடங்காத ஸ்பீக்கர் இது ஒன்றுதான்.

“எர்த் சரியில்ல சார். உப்பும் கரியும் கொட்டி, குழாய் எறக்கி, எர்த் குழின்னு ஒண்ணு போட்டிருப்பாய்ங்க. அது எங்கன இருக்கு?”

“பழைய வீடா வாங்கினது. யாருக்குத் தெரியும்?”

அப்போது அவர் மனைவி ஜானு தண்ணீர்க் குடத்தோடு கொல்லைப்பக்கம் போனாள். கண் சிவந்திருந்தது.

“கொல்லையிலே ஒரு கல்லை நட்டு அம்மன்னு கும்பிட்டுண்டிருக்கா. கார் ஷெட் போட, நாளைக்கு அதை எடுக்கப்போறேன். அதான் அழுகை.”

நல்லகாமன் ஜன்னல் வழியே பார்த்தான். தினமும் பொட்டும் பூவும் மட்டுமே கண்ட கல்லுக்கு, வழியனுப்பும் கடைசி அபிஷேகம் நடந்தது. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த மண், ஊற்ற ஊற்றக் குடித்தது.

இரைச்சல் மெல்லத் தேய்ந்தது. அடுத்த குடத்தில் அடங்கியே போனது.

நல்லகாமனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒயரைத் தொடவில்லை, சுவிட்சைத் தொடவில்லை. பிச்சுமணி ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, வீணைக் கச்சேரி ஒன்றைப் போட்டார். விரல் தந்தியில் வழுக்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்,” என்று போனை எடுத்தார்.

நல்லகாமன் கொல்லைக்கு ஓடிக் கைகூப்பினான். “எம்புட்டு சக்தியான ஆத்தா. இந்த எடத்துல இருக்கான்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுச்சு?”

ஜானு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “குடிவந்த புதுசுலே, செடி வைக்கலாம்னு இங்கே தோண்டினேன். உப்பும் கரியுமா வந்தது. நடுவிலே ஒரு இரும்புக் குழாய் வேறே. யாரோ தெய்வத்தை இறக்கி வச்ச இடம்னு பயந்துபோய், மண்ணைத் தள்ளி மேலே கல்லை நட்டுட்டேன்.”

நல்லகாமன் கல்லையும், அதைச் சுற்றி ஈரமாகியிருந்த மண்ணையும் பார்த்தான். உள்ளே வீணை குழைந்துகொண்டிருந்தது. கூப்பிய கையை இறக்காமலே சொன்னான்:

“தினமும் ரெண்டு குடம் ஊத்துங்கம்மா. ஆத்தாவுக்குச் சூடு ஆகாது.”