நூற்றெண்பதாவது இடத்தில் ஏழு

"பத்தாவது முடிக்காதவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

என்றைக்கோ அவளிடம் அப்படிக் கேட்டவர்தான் இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டான்லி சார். கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர். மூன்று வருடமாக அந்த சென்டரைக் கூட்டுவது அவள். பலகையைத் துடைப்பதும் அவள்தான்.

துடைப்பதற்கு முன் படித்துவிடுவாள். அது அவருக்குத் தெரியாது.

சமுதாயக் கூடத்துச் சுவரில் அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்த பட்டியல் ஒட்டியிருந்தது. வாய்க்கால் கரைக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் ஐம்பது வீடு. இருநூற்றுப் பன்னிரண்டு மனு. முதலில் கொடுத்தவருக்கு முதலில் என்று மைக் வைத்துச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவின் டோக்கன் ஏழு. உப்பளத்துக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, ஓடிப்போய் நின்று வாங்கிய ஏழு.

ஐம்பது பெயரில் அம்மா இல்லை.

அம்மா சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஐம்பதாவது பெயர் பக்கத்துக் குடிசை ரோஸ்லின் அக்கா. டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று.

"கடைசி பஸ்ல தொங்கிக்கிட்டு ஏறுன மாதிரி ஏறிட்டேன்ட்டி." இடுப்பில் பிள்ளையோடு அக்கா சிரித்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏழுக்குக் கிடைக்கலையா? அதெப்படி?"

மகள் பட்டியலை மேலிருந்து படித்தாள்.

ஒன்று. பத்து. நூறு. நூற்றொன்று.

நூற்றொன்பதுக்குப் பிறகு பதினொன்று.

இரண்டைத் தேடினாள். ஐம்பதுக்குள் இல்லை.

கம்ப்யூட்டர் எண்ணை எண்ணாகவே பார்க்கவில்லை. எழுத்தாகப் பார்த்து, அகராதி மாதிரி அடுக்கியிருக்கிறது. 'அ' முழுக்கத் தீர்ந்தால்தான் 'ஆ'. ஒன்றில் தொடங்குகிற எண்ணெல்லாம் தீர்ந்தால்தான் இரண்டு. இரண்டாவதாக வந்து நின்றவருக்கே வீடில்லை. அம்மாவின் ஏழு, நூற்றெண்பதாவது இடத்துக்குப் போயிருக்கும்.

போன மாதம்தான் இதே தவறை ஸ்டான்லி சார் பலகையில் எழுதிக் காட்டினார். இப்படிச் செய்யாதே என்று கீழே இரண்டு கோடு கிழித்திருந்தார்.

அந்தக் கோடுகளைத் துடைத்தது அவள்.

"சார், வரிசை தப்பு."

அவளுக்கே கேட்கவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமா கேளுட்டி!" ரோஸ்லின் அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

கேட்டாள்.

"கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டும்மா. அதுக்குத் தப்புப் பண்ணத் தெரியாது." பிறகு ஸ்டான்லி சார் பக்கத்து நாற்காலி ஆபீசரிடம் குனிந்தார். "நம்ம சென்டர்ல கூட்டுற பிள்ளை சார்."

இருவரும் சிரித்தார்கள்.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏய்" என்று அவர் எழுவதற்குள் புரோகிராமில் வரிசைப்படுத்துகிற வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன் கடைசியில் சின்னதாக ஒன்றைச் சேர்த்தாள். எழுத்தாகப் பார்க்காதே, எண்ணாகப் பார் என்று அதற்குச் சொல்கிற சொல்.

ஓடவிட்டாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஆபீசர் திரையைப் பார்த்தார். ஸ்டான்லி சாரைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சுவரில் இருந்ததைக் கையாலேயே கிழித்தார்.

"வேற பிரிண்ட் எடுங்க."

புதுத்தாளை ஒட்டியதும் கூடமே அதன்மேல் விழுந்தது. ஒருத்தர் கும்பிட்டார். ஒருத்தர் கத்தினார். "முதல்ல குடுப்பீங்க, அப்புறம் புடுங்குவீங்களா?" அம்மா ஏழாவது பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மகளுக்குக் கோபம் இறங்கவில்லை. ஸ்டான்லி சாரிடம் கேட்க இன்னும் இருந்தது. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கேட்க இருந்தது.

"சார்..."

"இப்ப திருப்தியா?" என்றார் அவர். அவளைப் பார்க்கவில்லை. மோவாயால் அவளுக்குப் பின்னால் காட்டினார்.

திரும்பினாள்.

ரோஸ்லின் அக்கா கத்தவில்லை. தாளில் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தாள்.

ஐம்பதில் விரல் நின்றது.

மறுபடி மேலே போனது. மறுபடி வந்தது.

அக்கா பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

அவள் கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அக்கா வெயிலில் இறங்கி, வாய்க்கால் பக்கமாக நடந்து போனாள்.