பின்சீட்டுக்கு ஒரு கேமரா

மெந்தோசா நகரத்து மதிய வெயில் கேமராக் கடைக்குள் சாய்ந்து விழுகிறது. எவாரிஸ்தோ ஹெல்மெட்டின் நெற்றியில் கேமராவைப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றுகிறார். "பின்சீட்டப் பாக்குற மாதிரி மாட்டணும்மா." கடைக்காரி நெலிதா, மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் நிரம்பிய குவளையை நீட்டிச் சிரிக்கிறாள். "நாட்டோட தெற்குக் கோடி வரைக்கும் பைக்ல போறீங்க, பெரியவரே. மலையை விட்டுட்டு பின்சீட்டு மூட்டையையா எடுப்பீங்க?" "போன தடவை பூராவும் மலையத்தான் எடுத்தேன். என் பொண்டாட்டி ஒஃபேலியா பின்னாடி பாடிக்கிட்டே வந்தா. அவ கண்ண மூடினப்புறம் அந்த வீடியோவப் போட்டுப் பாத்தா, பாட்டு இருக்கு, மூஞ்சி எங்கயுமே இல்ல. சாயங்கால ரோட்டு நிழல்ல மட்டும் ரெண்டு தலை." நெலிதாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. வாசலில் நிற்கும் பைக்கின் பின்சீட்டில் சிவப்பு ஹெல்மெட் ஒன்று வாரால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் கண்ணாடி துடைக்கப்பட்டுப் பளபளக்கிறது. அவள் கேமராவை வாங்கி, அவர் ஹெல்மெட்டின் பின்பக்கம் மாட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம் கீழ," என்கிறார் எவாரிஸ்தோ. "அவ குள்ளம்."