பெண்கள் பக்கம்

"பொம்பளைங்க குளிக்கிற பக்கம் நானும் போலாமான்னு கேட்டீங்களா?"

கோபாலசாமி குரலைத் தாழ்த்திக்கூடக் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் விசா காகிதத்தோடு காத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஜுலைஹா பீவிக்குக் காது மடல் சுட்டது.

வளைகுடா நாட்டில், முவைலாவில் இருந்த அந்த டிராவல்ஸ் கடையில் அவளுக்கு ஆறு வருஷ வேலை. உம்ராவுக்கு, ஊருக்கு, தாய்லாந்துக்கு என்று எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் வந்து, ஜப்பானில் வெந்நீர் ஊற்று உள்ள பழைய பாணிச் சின்ன விடுதியாக மூன்று நாளைக்குப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, இப்படி ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதுதான் முதல் தடவை.

"கேட்டேன் சார். ரெண்டு விடுதியும் முடியாதுன்னுட்டாங்க. அங்க ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி. எல்லாரும் ஒரே தொட்டியில இறங்கிக் குளிப்பாங்களாம். உடம்புல ஒரு துணி இருக்கக் கூடாதாம்."

"அது தெரியுமுங்க. அதனாலதான் கேக்கறேன்."

அதனாலதானாம். அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மனைவியை வாசலில் காருக்குள் உட்கார வைத்துவிட்டு வந்து கேட்கிற கேள்வியா இது?

"அப்போ இதப் பாருங்க. ரூமுக்குள்ளயே தொட்டி. நீங்களும் வீட்டம்மாவும் மட்டும் இருக்கலாம்."

"அது குழாய்த் தண்ணிங்களே. ஊத்துத் தண்ணியில்ல வேணும்?" அவர் மேசைமேல் சாய்ந்தார். தலையில் எண்ணினால் எட்டு முடி தேறாது. ஆனால் கிட்டே வந்ததும் சீயக்காய் மணந்தது. "அப்புறம், அங்க பொம்பளைங்களுக்கு ஒரு அங்கி குடுப்பாங்களாமே. அதுக்குப் பட்டனுங்களா, நாடாவா?"

"எதுக்கு சார்?"

"அவுக்கறதுக்குச் சுளுவா இருக்கோணுமில்லீங்க."

ஜுலைஹா சானிடைசரை உள்ளங்கையில் பிழிந்து பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். அவர் தொட்டு வைத்த பேனாவையும் துடைத்தாள். ஜும்மா தொழுகை முடிந்து நாலு மணிக்குத்தான் கடை திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மணி. டிக்கெட் எடுத்தாச்சு, இன்னும் பதினாறு நாள்தான் இருக்குது. அவ ரொம்ப ஆசையா இருக்கறா."

அப்போது மூன்றாவது விடுதியிலிருந்து மெயில் வந்தது. மலையடிவாரத்தில் ஆறே அறைகள். ஓர் அம்மாள் நடத்துகிறாள். வெட்கத்தில் ஜுலைஹா அவளுக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: மனைவியோடு கணவரும் பெண்கள் பக்கம் வரலாமா?

பதிலின் முதல் வரியைப் படித்தாள். 'தாராளமாக வரச் சொல்லுங்கள்.'

ச்சீ. கேட்கிற ஆள்தான் அப்படி என்றால், ஒரு பெண்பிள்ளையாக இருந்துகொண்டு இவளும் இப்படியா? மேலே படிக்கப் பிடிக்காமல் மெயிலை மூடினாள்.

"அங்கயும் இடம் இல்ல சார். கலாஸ், முடிஞ்சுபோச்சு. வேற கடையில பாருங்க."

பொய்தான். பாவத்துக்குத் துணை போவதைவிடப் பொய் சின்னது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கோபாலசாமியின் முகம் விழுந்துபோயிற்று. "அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்" என்று முணுமுணுத்தார். வெளியே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். அவருடைய கார் குறுக்கே நின்றது. ஓடிப்போய் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். "ரெண்டே நிமிஷம், வசந்தா. வண்டியத் தள்ளி நிறுத்திட்டு வந்தர்றேன்."

வசந்தகுமாரியின் தலை இன்னும் ஈரமாக இருந்தது. வகிடு கோணலாக ஓடியது. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

பாவம், ஒன்றும் தெரியாத பெண். ஜுலைஹாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் கேக்குறதெல்லாம் சரியில்ல. பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்குத் தானும் வரணும்னு நிக்கிறாரு."

வசந்தகுமாரி சிரித்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும்தான் விரிந்தது.

"அவரு வராம நான் எப்படிக் கண்ணு குளிப்பேன்? வாதம் வந்து மூணு வருஷமாச்சு. எனக்குத் தலைக்கு ஊத்தி, சீவிவிட்டு, சீலை கட்டி விடறதெல்லாம் அவருதான். அந்த ஊத்துத் தண்ணியில கை கொஞ்சம் எளகும்னு யாரோ சொன்னாங்களாம். அதுல இருந்து இதே பேச்சு."

முந்தானை நழுவியது. மடித்த விரல்களோடு அந்தக் கை மடியில் அசையாமல் கிடந்தது. அவளிடமும் அதே சீயக்காய் மணந்தது.

ஜுலைஹாவுக்கு இப்போதும் அருவருப்பாகத்தான் இருந்தது, தன்னை நினைத்து. மூடிய மெயிலைத் திறந்தாள். முதல் வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் இருந்தன. அவர்கள் குளிக்கிற ஒரு மணி நேரம் மற்றவர்களை உள்ளே விடமாட்டோம். கைப்பிடி வைத்த நாற்காலியைத் தொட்டி ஓரத்தில் போட்டு வைக்கிறோம். கடைசி வரி ஒரு கேள்வி. முகம் பார்க்காத ஒருத்திக்கு ஒற்றை வரியிலேயே புரிந்திருக்கிறது.

வேர்த்து விறுவிறுத்து கோபாலசாமி உள்ளே வந்தார். "போலாமா, வசந்தா?"

ஜுலைஹா எழுந்து நின்றாள்.

"உக்காருங்க சார், இடம் இருக்கு. அக்காவுக்கு எந்தப் பக்கம் தாங்கணும்னு மட்டும் கேட்டிருக்காங்க."