எட்டுல பாதி மூணு

"அதுமேல கை வைக்காதே! ராகுகாலம் முடியட்டும்."

ஸ்ரீரங்கன் போட்ட சத்தத்தில் ரெஹான் ஸ்க்ரூ டிரைவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தி.நகர் கடையிலிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு ரிப்பேருக்கு வந்தவன் அவன். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கும் நல்ல நேரம் பார்ப்பார்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

"ஹார்ட் டிஸ்குக்கு ராகுகாலம்லாம் தெரியாது சார்."

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமோல்லியோ? உக்காரு."

பாங்கு வேலையை விட்ட பிறகு ஸ்ரீரங்கன் வீட்டிலேயே ஒரு பெண்டியம் கம்ப்யூட்டர் வாங்கிவைத்து ஜாதகப் பொருத்தம் பார்த்துக்கொடுக்கிறவர். அவர் 'பண்ணலாம்' என்றால் உடனே கல்யாண மண்டபம் தேடுவார்கள். 'வேண்டாம்' என்றால் மாப்பிள்ளை கலெக்டரானாலும் வாசலோடு சரி. இரண்டு நாளாக அந்தக் கம்ப்யூட்டர், 'கடக் கடக்' என்று பல்லைக் கடித்துவிட்டுப் பாதியில் நின்றுபோகிறது.

ராகுகாலம் ஒருவழியாக விடைபெற்றதும் ரெஹான் பெட்டியைத் திறந்தான். பின்பக்கத்து ஸ்க்ரூவெல்லாம் விரலாலேயே கழன்று வந்தன. எவனோ அரைகுறை மாட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

"போயிடுத்தா?" என்றார் ஸ்ரீரங்கன். "போயிடுத்துன்னா பளிச்சுனு சொல்லிடு. நான் மனசைத் தேத்திண்டாச்சு."

"இருங்க சார், இன்னும் பாக்கவே இல்ல. அதுக்குள்ள பாடை கட்றீங்களே!"

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே பூஜையறையில் பெருமாளுக்கு விளக்கேற்றப் போனார்.

டிஸ்குக்குக் கரண்டு போகும் ஒயர் பாதி வெளியே வந்து கிடந்தது. ரெஹான் அழுத்திச் செருகினான். கடக் கடக் நின்றுபோயிற்று. டிஸ்கைச் சோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டால், ஒரு கீறல் கிடையாது. குதிரை மாதிரி இருந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் காபி டம்ளரோடு வந்து நின்றார் ஸ்ரீரங்கனின் மனைவி விசாலாக்ஷி மாமி. குரல் ரகசியமாக வந்தது.

"ஒரு உபகாரம் பண்ணணும்டாப்பா. எங்க மஹதிக்கு அடையாறுல பிரணவ்னு ஒரு பையன். ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போயிடுத்து. இந்தக் கடங்கார மிஷின், பத்துக்கு மூணு பொருத்தம்னு துப்பித்து. இவர் வேண்டாம்னுட்டார். பொண்ணு சரியாச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"சாராண்ட பேசிப் பாக்கறதுதானே மாமி?"

"அவரா? ஊரார் பொண்ணுக்கு ஒரு நியாயம், எம்பொண்ணுக்கு ஒரு நியாயமாம்பார். சொன்ன சொல்லை மாத்தினதா சரித்திரமே கிடையாது. மிஷின்தான் தப்பாப் போட்டுதுன்னு நீ சொல்லேன்."

நல்ல டிஸ்கைச் செத்துப்போச்சு என்று சொல்லிப் பிழைக்கிறவர்கள் உண்டு. ரெஹான் அந்த ரகமில்லை. ஆனால் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. காபியும் பிரமாதமாக இருந்தது.

ஸ்ரீரங்கன் திரும்பி வந்ததும் ரெஹான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"டிஸ்க்கு அவுட்டு சார். இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளாவே கெட்டுப்போய்க்கினு கீது. நம்பரையெல்லாம் கடிச்சுத் தின்னுட்டு மிச்சத்தைத்தான் காட்டிக்கினு இருந்துருக்குது."

"தின்னுட்டா?"

"ஆமா சார். இப்ப எட்டு கீதுன்னு வெச்சுக்கோங்க. அதுல இடது பக்கம் அழிஞ்சா இன்னா வரும்? மூணுதானே?"

இதைவிட அபத்தமாக ரெஹான் தன் வாழ்நாளில் எதுவும் பேசியதில்லை. கடையில் முதலாளி கேட்டிருந்தால் வேலையை விட்டே துரத்தியிருப்பார். ஸ்ரீரங்கனோ காற்றில் விரலால் எட்டு எழுதினார். இடது பக்கத்தை அழித்தார்.

"விசாலம்!" என்று கூவினார். "கேட்டியா சேதியை? பிரணவுக்கு வந்தது எட்டுடீ!"

உள்ளறையில் மூக்கு உறிஞ்சுவது நின்றது.

"வேணும்னா இன்னொரு தடவை..." என்று ரெஹான் வழக்கப்படி ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமி அவனை எரிப்பதுபோல் பார்த்தார்.

"இன்னொரு தடவையாவது! ஒரே ஜோடிக்கு ரெண்டாம் தரம் பொருத்தம் பாக்கப்படாது. சாஸ்திரம்!" என்றார் ஸ்ரீரங்கன். எந்த சாஸ்திரம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அடையாறுக்கு அவரே டயல் செய்தார். "ஓய், எங்காத்து மிஷின் காலை வாரிடுத்து. க்ஷமிக்கணும். நாளைக்கே வாங்கோ" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மஹதி வெளியே ஓடிவந்து, வீங்கின கண்ணோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் ரவை வறுபடும் வாசனை கிளம்பிற்று.

ரெஹான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஸ்ரீரங்கன் வாசல்வரை கூடவே வந்தார்.

"புது டிஸ்க் எப்போ கொண்டுவரே?"

ரெஹான் பையைக் கீழே வைத்தான். வயசான மனிதரை ஏமாற்றி வியாபாரமும் செய்வதா?

"மன்னிச்சிக்கோங்க சார். புதுசு ஒண்ணும் வேணாம். டிஸ்க்கு நல்லாத்தான் கீது. உள்ள ஒயருதான் கழண்டுபோய்..."

ஸ்ரீரங்கன் சட்டென்று வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவை மெல்லச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுடா, கழட்டினதே நான்தான்!"